கண் போகும் இடம்

பெட்டியைத் தர மாட்டேன் என்று மகன் பிடித்த பிடியில் அதன் கைப்பிடியே கழன்று வந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, வாசலில் நின்று விசும்பி விசும்பி அழுதான். பெரியவர் கலங்கவில்லை. டாக்சி எத்தனை மணிக்கு வரும் என்று மருமகளிடம் கேட்டார்.

முதியோர் இல்லத்துக்குப் போகிறேன் என்று போன வாரம் அவராகத்தான் சொன்னார். வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால்தான் ஏழு நாளாக அவள் தன் நாக்கையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். காபி கேட்டபோது முகம் சுளித்தோமா? இருமியபோது கதவைச் சாத்தினோமா?

கதவைச் சாத்துகிறவன் அவள் புருஷன்தான். வீட்டிலிருந்தே வேலை, நாள் முழுக்க மீட்டிங், அப்பாவின் இருமல் மைக்கில் விழுகிறதாம். ஆனால் நாளைக்குப் பழி யார் தலையில் விடியும்? மகன் கதறினான், மருமகள்தான் துரத்திவிட்டாள் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். இந்த வீட்டில் 'சாப்ட்டியாம்மா' என்று அவளைக் கேட்பதற்கு இருந்தவர் இவர் ஒருத்தர்தான், அவரும் கிளம்புகிறார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மாமனார் செய்தித்தாளில் பக்கம் கட்டியவர். எந்த விளம்பரம் எந்த மூலையில் உட்கார வேண்டும் என்று நாற்பது வருஷம் முடிவு செய்தவர். மகனுக்கும் அதே பிழைப்புதான், பேப்பருக்குப் பதில் போன். யார் போனில், எந்தப் பக்கத்தில், எது வர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பான். சாப்பாட்டு மேசையிலும் அப்பனுக்கும் பிள்ளைக்கும் இதே பேச்சுதான். பார்க்கிறவன் அதைத் தன் சொந்த யோசனை என்று நம்ப வேண்டும், அதுதான் தொழில் என்பார் பெரியவர்.

கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டாள். "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா மாமா?"

"சேச்சே, நீ என்னம்மா பண்ணே? காலைல போன்ல பேப்பர் படிப்பேன்ல, அதுல அந்த இல்லம் தினமும் கண்ணுல பட்டுச்சு. தோட்டம், பெஞ்சு, என் வயசு ஆளுங்க. பாக்கப் பாக்க, போனா என்னன்னு தோணிடுச்சு."

அதே பேப்பரைத்தான் அவளும் போனில் படிக்கிறாள். அவளுக்கு ஒரு நாள்கூட அந்த இல்லம் வந்ததில்லை, வந்ததெல்லாம் குக்கரும் செருப்பும்தான். வயசானவர்களுக்கு அவர்களுக்கு ஏற்றதைக் காட்டுவான் போல என்று விட்டுவிட்டாள்.

டாக்சி வந்தது. இன்னும் ஒரு வாரம் இருந்து யோசிக்கலாமே என்று கெஞ்சினாள். யோசித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கைப்பிடி இல்லாத பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தான் மகன். அவள் மாத்திரைப் பையை நீட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

"போகாதீங்கப்பா," என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பெரியவர் எட்டி அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டார். அந்தக் காலத்தில் ஆபீஸிலிருந்து வந்ததும் அவன் பள்ளிக்கூட நோட்டைத் திருத்திக் கொடுத்திருப்பாரே, அந்த மாதிரி நிதானமாகத்தான் சொன்னார்.

"அந்த விளம்பரத்த மரண அறிவிப்புக்குக் கீழ வச்சே பாரு, நானா இருந்தாலும் அங்கதான்டா வச்சிருப்பேன்."