பத்து நிமிட அருவி

அருவி பத்து நிமிட நடைதான் என்று நம்பி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பினேன். நேரத்துக்குத் திரும்பாவிட்டால் மேலாளர் என் வேலைக்கே உலை வைத்துவிடுவார்.

அரை மணி நேரம் ஏறியும் தண்ணீர்ச் சத்தம் இல்லை. என் மூச்சிரைப்புதான் அருவி மாதிரி கேட்டது.

வழியில் ஒரு பாறையின் மேல் ஒரு அக்காவும் அவர் கணவரும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்திருந்தார்கள்.

"இன்னும் எவ்வளவு தூரம்மா?" என்றார் அக்கா.

"தெரியலக்கா. நானும் முதல் தடவையா வரேன். பத்து நிமிஷம்னு நம்பி வந்துட்டேன்."

"உன்கிட்டயும் அளந்து விட்டாளா, அந்த டிக்கெட் கொடுக்கிற பொண்ணு?"

"தலையைக்கூட நிமிர்த்தாம சொல்றா," என்றார் கணவர். "ஒரு நாளாவது இங்க ஏறிப் பாத்திருப்பாளா?"

"சத்தியமா இருக்காதுங்க," என்றேன். இவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை.

"முட்டி தேய்ஞ்சதுதான் மிச்சம். வா, கீழ போய் அவளை நாலு வார்த்தை கேப்போம். சாட்சிக்கு நீயும் நில்லு." அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

யாரிடமும் முடியாது என்று சொல்ல எனக்கு வராது. கூடவே இறங்கினேன்.

நுழைவாயிலில் நீண்ட வரிசை. டிக்கெட் ஜன்னல் மூடிக் கிடந்தது.

"பாத்தியா, பயந்து ஓடிட்டா!" என்றார் அக்கா.

மேலாளர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

"எங்கம்மா போய்த் தொலைஞ்ச? கூட்டம் கத்துது. உள்ள போய் ஜன்னலைத் திற!"

அக்காவின் பிடி தளர்ந்தது. நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அட," என்றார் அவர் கணவர், "அதே கோணல் வகிடு!"