பால் வழி மருந்து

“ஐயோ, வாசனையே கொமட்டுது! இத எப்படிக் குடிக்கிறது?” துர்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிரேம்குமார் தம்ளரை நீட்டியபடியே நின்றான். நேரு வீதி நாட்டு மருந்துக் கடையில் ஓமமும் சதகுப்பையும் வாங்கி, வேப்பங்கொழுந்து சேர்த்து அவனே காய்ச்சியது. மறுகையில் பச்சைக் குழந்தை உடம்பை முறுக்கி முறுக்கி அழுதது. பவுடர் பால் கொடுத்தால் அப்படியே கக்கியது. எடை இறங்கிக்கொண்டே போகிறது, இப்படியே விட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“வயித்து வலி புள்ளைக்கு. கஷாயம் எனக்கா?”

“பால் வழியாத்தான்டி அதுக்குப் போவும்” என்றாள் மாமியார் ராஜாம்பாள். “புள்ளைக்கு வயிறு உப்பினா பால் குடுக்கறவதான் கசப்பு குடிக்கணும். நாங்கல்லாம் சொம்பு சொம்பா குடிச்சோம்.”

“சொம்பா? அதான் அத்த, உங்க பேச்சு இன்னும் கசக்குது.”

ராஜாம்பாள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. பிரேம்குமார் சிரிக்கவில்லை.

“தம்பி, உன் மூஞ்சியப் பார்த்தா கஷாயமே தித்திக்கும் போல இருக்கு. சாப்டியா?” என்றாள் ராஜாம்பாள் அவனிடம்.

“ம்.”

“பொய்யி.”

அவன் சட்டைப் பையிலிருந்து வெல்லக்கட்டி ஒன்றை எடுத்துக் கட்டிலில் வைத்தான்.

“குடிச்சிட்டு இத வாயில போட்டுக்கலாம். ஒரு தம்ளர்தான்.”

குழந்தையின் அழுகை தேய்ந்து முனகலானது. அதைக் கேட்க இன்னும் பயமாக இருந்தது. துர்கா ஒரு கணம் குழந்தையைப் பார்த்தாள். தம்ளரை வாங்கிக் கண்ணை மூடி ஒரே மூச்சில் குடித்தாள். வெல்லத்தைத் தொடவில்லை.

“குடுங்க இப்படி.”

பிரேம்குமார் குழந்தையைக் கொடுத்துவிட்டு வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றான். கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. குழந்தை பால் குடிக்கும் சத்தம் மெல்லக் கேட்டது. அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான் துர்காவின் கணவன் நிலவன். பிரேம்குமார் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

“விடுங்கண்ணா” என்றான் நிலவன். “எங்க புள்ளைக்குன்னு ஊறின பாலு. குடிக்க அவன்தான் இல்ல. தாயில்லாத உங்க புள்ளயாவது குடிக்கட்டும்.”