ஏழாவது பெயர்

மாலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் துரைக்கண்ணு மேஸ்திரியின் செய்தி வரும். நாளைக்கு எந்த இடத்தில் கான்கிரீட், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று இருக்கும். முதலில் கட்டைவிரல் படம் போடுகிற ஆறு பேருக்கு வேலை. குழுவில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம். நான் மட்டும் பெயரை எழுதுவேன். மாசிலாமணி. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, துணைக்கால் போட்டு முடிப்பதற்குள் ஆறும் நிரம்பிவிடும். இந்த வாரத்தில் மூன்று நாள் இப்படிப் போயிற்று.

மேஸ்திரியே போன் செய்தார். "என்னா மாசி, கல்யாணப் பத்திரிகையா அடிக்கிற? கட்டவிரல போட்டுட்டுப் போயேன்யா."

"போட்டதெல்லாம் போதும் மேஸ்திரி," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஐம்பது வயது வரை எங்கே கையெழுத்துக் கேட்டாலும் மைப்பெட்டியைத்தான் என் பக்கம் தள்ளுவார்கள். விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வருவேன். அதற்காகவே இரண்டு வருடம், வேலை முடிந்து, சிமெண்டு போகாத கையோடு இரவுப் பள்ளிக்கு எழுத்துக்கூட்டப் போனேன்.

இன்றும் செய்தி வந்தது. வீட்டில் பேச ஆளில்லை. எழுத்துகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தேன். ஆறு கட்டைவிரல்களுக்குக் கீழே, ஏழாவதாக, என் பெயர் பிழையில்லாமல் நின்றது. சற்று நேரத்தில் அதன் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் முளைத்தது. தொட்டுப் பார்த்தால் யார் போட்டதென்று தெரியும். மேஸ்திரி என்றால் நாளைக்கு வேலை. வேறு யாராவது என்றால் வெறும் இரக்கம். திரை அணையும்போதெல்லாம் ஓரத்துப் பொத்தானை அழுத்தி வெளிச்சமாக்கி, அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.