மும்பைக்கு ஒத்திகை

"தொலைஞ்சு போயிட்டா முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டார் ஷ்யாம்சுந்தர்.

"அழக் கூடாது" என்றாள் ஏழு வயது மிருதுளா.

"அப்புறம்?"

"பசங்களோட வந்திருக்கிற அங்கிள், ஆன்ட்டி யாருன்னு பார்த்து, அவங்ககிட்ட போகணும். உங்க போன் நம்பரைச் சொல்லணும்."

"ஏன் அவங்ககிட்ட?"

"பசங்க இருக்கிறவங்க நம்மள விட்டுட மாட்டாங்க."

ஷ்யாம்சுந்தருக்குத் திருப்தி. ஆனாலும் வாயால் சொன்னால் போதுமா? அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு தாம்பரம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தார்.

காலாண்டு லீவுக்கு மும்பை போவதாக ஏற்பாடு. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தாதரில் மைத்துனன் உமேஷ் வீட்டில் தங்கல். அந்த உமேஷ் சும்மா இருந்திருக்கலாம். அங்கே லோக்கல் ரயில் கண் மூடித் திறப்பதற்குள் கிளம்பிவிடும், கூட்டத்தில் பிள்ளைகளின் கையை விட்டால் அவ்வளவுதான் என்று போனில் சொல்லி வைத்தான். அன்றோடு இவருக்குத் தூக்கம் போயிற்று.

இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பிரிவில் பதினெட்டு வருஷ சர்வீஸ். யார் எங்கே விழுந்தார், எதில் அடிபட்டார் என்று நாள் பூராவும் படிக்கிற மனிதருக்கு, ஊர் சுற்றும் ஆசை வந்ததே பெரிய விஷயம்.

காலையிலிருந்து குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் லோக்கல் ரயிலில் இரண்டு தடவை ஏறி இறங்கிப் பழகியாயிற்று.

"எல்லாரும் மும்பைக்குத் துணி எடுத்து வைப்பாங்க. நாம மட்டும்தான் குரோம்பேட்டைக்குப் போயிட்டுப் போயிட்டு வர்றோம்" என்றாள் மனைவி சுப்ரஜா.

அவர் காதில் வாங்கவில்லை. அடுத்தது, தொலைந்துபோகும் ஒத்திகை. அப்பா தூணுக்குப் பின்னால் மறைந்துகொள்வார். பிள்ளை தனியாகச் சமாளிக்க வேண்டும். பதினோரு வயது அனிருத் முதலில் போனான். பெட்டி படுக்கையோடு உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்திடம் போய் நம்பரைச் சொன்னான். ஒரு நிமிஷத்தில் இவர் போன் அடித்தது. பாஸ்.

அடுத்து மிருதுளா. அவளுடைய ரோஸ் நிறப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார். வெறும் ஒத்திகைதான், ஆனாலும் மகளைத் தனியாக நிற்க வைத்துவிட்டு எட்டி எட்டிப் பார்த்தார்.

யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

நாலைந்து வயதுப் பெண் குழந்தை. கலைந்த தலை. ஒரு காலில் செருப்பு இல்லை. கவுன் முழுக்கக் கறை, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"சில்லறை இல்ல, போ" என்றார், மகள் மீதிருந்த கண்ணை எடுக்காமல்.

அது போகவில்லை. "அங்கிள்..." என்று ஏதோ சொல்ல வந்தது.

"சொன்னாக் கேக்க மாட்டியா? அந்தப் பக்கம் போ." சட்டையிலிருந்து அதன் கையை எடுத்துவிட்டார். பாக்கெட்டில் போன் இருக்கிறதா என்று தொட்டும் பார்த்துக்கொண்டார். குழந்தை நடைமேடையின் கோடியைப் பார்த்து நடந்தது.

ஐந்து நிமிஷமாகியும் போன் அடிக்கவில்லை. மிருதுளா இருந்த இடத்தை விட்டு அசையாமல் அவர் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். எரிச்சலோடு வெளியே வந்தார்.

"என்னம்மா, யார்கிட்டயுமே போகல?"

அவள் அந்தக் குழந்தை போன திசையைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் ஒரு பெண் ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் போனை நீட்டிக் காட்டினாள். இவரிடமும் நீட்டினாள்.

"சார், என் பொண்ணு. பச்சை கவுன். பார்த்தீங்களா சார்?"

படத்தில் அந்தக் குழந்தை இரட்டைப் பின்னலும் பவுடர் முகமுமாகச் சிரித்தது.

பார்த்தேன் என்று சொல்லாமலே ஷ்யாம்சுந்தர் கோடியைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். பக்கத்துப் பாதையில் ஒரு எக்ஸ்பிரஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு பெட்டியும் கடக்கக் கடக்க அவருக்கு உயிர் போய் வந்தது.

நடைமேடை முடிகிற இடத்தில் கொய்யாப்பழக்கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் குழந்தை.

"இன்னா சார், உன் பொண்ணா? கைய புட்சிகினு வர்றது இல்ல? தண்டவாளத்துல எறங்கப் பாத்துச்சு. நான்தான் இஸ்துகினு வந்து குந்த வெச்சேன்."

அவர் கையை நீட்டினார். குழந்தை அவரைப் பார்த்ததும் கொய்யாக்காரியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

பின்னாலேயே வந்துவிட்ட தாய் மகளை வாரி எடுத்து அழுதாள். கொய்யாக்காரியைக் கட்டிக்கொண்டாள். பிறகு இவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"முன்னப் பின்னத் தெரியாத எங்களுக்காக இப்படி ஓடி வந்தீங்களே சார்."

"பரவாயில்லம்மா. எங்களுக்கும் பசங்க இருக்காங்க இல்ல?" என்றார் ஷ்யாம்சுந்தர்.

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பும்போது மிருதுளா வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். இருந்தாலும் அவருக்கு மனசு அடங்கவில்லை. நாளைக்கு மும்பையில் இவளுக்கு அந்த மாதிரி ஆகிவிட்டால்?

"ஒரே ஒரு தடவை சொல்லும்மா. அங்க தொலைஞ்சு போயிட்டா யார்கிட்ட போகணும்?"

மிருதுளா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த அங்கிளும் உங்கள மாதிரியே இருந்தா யார்கிட்டப்பா போறது?"