எதிரில் நின்று வரைந்த நாற்காலி

கடையை அடைத்து வீடு திரும்பியதும், முகம் கழுவுமுன்பே பென்சிலைச் சீவி வைப்பது அந்த மருந்துக்கடைக்காரியின் வழக்கம். பொழுதுபோக்காகப் பொறியியல் வரைபடம் பழகத் தொடங்கிய நாள்முதல் அப்படித்தான். இன்று பென்சில் மழுங்கியபடியே கிடக்கிறது. சன்னலோரத்தில், வாதத்தால் இடக்கை விழுந்துபோன தங்கை புது நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். அந்தக் கையைத் தாங்குவதற்கென்று அக்கா வரைந்து, அவள் கணவர் அறுத்துப் பொருத்திய பலகை, மாலை வெயிலில் மெருகு மின்ன, வலப்பக்கத்தில் நீண்டிருக்கிறது. நல்ல கை அதன்மேல் சும்மா கிடக்கிறது; விழுந்த கை மடியிலிருந்து சரிந்து தொங்குகிறது.

“கண்ணை எங்க வச்சுட்டு அறுத்தீங்க?” என்று அக்கா கணவர்மேல் பாய்கிறாள்.

“நீ போட்ட கோட்டுலதான் வாள் போச்சு, தாயே,” என்று அவர் வரைபடத்தை நீட்டுகிறார்.

தங்கை சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பில் ஈரமில்லை. “மாமாவை ஏன் திட்டுற? எனக்கு எந்தக் கை செத்துச்சுன்னே உனக்கு ஞாபகமில்லை. எட்ட நின்னு பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அக்கா தாளைப் பார்க்கிறாள். கோடுகள் மயிரிழையும் பிசகவில்லை. அளவுகள் அம்புக்குறிகளோடு அழகாக நிற்கின்றன. ஆனால் நாற்காலிக்கு எதிரே நின்று வரைந்திருக்கிறாள். அவளுக்கு இடமாகத் தெரிந்தது, அமர்பவளுக்கு வலம். ஒருமுறைகூட அதில் தான் அமர்ந்து பார்க்கவில்லை.

“தப்பு என்னோடதுங்க,” என்கிறாள் கணவரிடம். பிறகு தங்கையின் இடப்பக்கம் தரையில் அமர்ந்து, தொங்கும் கையை எடுத்துத் தன் தோள்மேல் சாத்திக்கொண்டு, மழுங்கிய பென்சிலால் மரத்தின்மேலேயே புதுக்கோடு போடத் தொடங்குகிறாள்.