உபதேசியார் வீட்டு இரும்புச்சத்து

எடை மெஷினை வைத்தோமா, உட்கார்ந்தோமா என்று இருந்திருக்கலாம். இடம் பார்க்கிறேன் பேர்வழி என்று பின்னால் நகர்ந்து, அடுப்படி மூலையில் கூடை போட்டு மூடியிருந்த சட்டியை உதைத்துவிட்டேன்.

சட்டி உருண்டது. நேற்றைய மிச்சம் போல, மிளகு வாசத்தோடு கருஞ்சிவப்பாய் நாலைந்து துண்டுகள் தரையில் சிதறின.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் குதித்தேன்.

“சுவரொட்டி!”

ஆட்டு மண்ணீரல். அத்தனையும் இரும்புச்சத்து.

நாடு பூராவும் ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுக்கிற ஆய்வில் மஞ்சக்குட்டை கிராமம் என் பங்கு. ஒரு வாரமாக வீடு வீடாய் ஏறி, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, ரசம், பீன்ஸ், மறுபடி ரசம் என்று எழுதிக்கொண்டிருந்தவன். பெண்களுக்கெல்லாம் ரத்தசோகை. இப்போது புதையலையே உதைத்திருக்கிறேன்!

வீட்டுக்காரர் ஞானசுந்தரம் பாய்ந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

அப்புறம்தான் என் மண்டையில் உறைத்தது. அவர் மாதா கோயில் உபதேசியார். நடப்பது தவக்காலம். நாற்பது நாளும் கவுச்சி தொடாதீர்கள் என்று ஊருக்கே சொல்கிறவர். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு ஜெபம் சொல்லித் தருவார்?

“நாய்க்கு வச்சதுங்க” என்றார்.

“நாய்க்கு மிளகு போட்டு வறுப்பீங்களா ஐயா?”

“அதுக்குச் சளிங்க.”

வந்த சிரிப்பை விழுங்கியதில் எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

விட்டிருக்கலாம்தான். ஆனால் இத்தனை இரும்பையும் யார் தலையில் எழுதுவேன்? நாயை நாட்டு மக்களில் சேர்க்க எங்கள் ஆபீசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

“யார் பேரும் வெளிய போகாதுங்க. சாப்பிட்டது யாருன்னு மட்டும் சொல்லுங்க.”

உபதேசியார் சாத்திய ஜன்னலை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி சாந்தாமேரி, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். உள்ளங்கை காகிதமாய் வெளுத்திருந்தது.

“நான்தான் கண்ணு. ரத்தமே இல்லைன்னு ஆஸ்பத்திரில நொம்ப வஞ்சுட்டாங்க. தவக்காலத்துல தொடவே மாட்டேன்னு நின்னேன். இவருதான் மொதத் துண்ட எடுத்துத் தன் வாயில போட்டுக்கிட்டு, ‘பாவத்த நான் தின்னுட்டேன் மேரி, நீ கறியத் தின்னு’ன்னாரு.”