அழிக்கச் சொன்ன அளவு

“கையெழுத்துப் போடுய்யா. வேலை தப்பிச்சுதுன்னு நெனச்சுக்கோ.”

சங்கத் தலைவர் மன்னிப்புக் கடிதத்தைப் படக்காரனின் முன்னால் தள்ளினார். இரும்பு வார்ப்புகளுக்குள் விரிசல் இருக்கிறதா என்று காமா கதிரால் படமெடுப்பது அவன் வேலை. அதனால் ஆலையில் அவனுக்கு அந்தப் பெயர்.

“போட மாட்டேன் தலைவரே.”

தலைவருக்குச் சுருக்கென்றது. இந்தக் கடிதத்துக்காக மேலாளரிடம் இரண்டு மணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசிவிட்டு வந்திருக்கிறார். கதிர் அறை ஆட்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ்கூட, அவர் பதினெட்டு நாள் ஆலை வாசலில் பட்டினி கிடந்து வாங்கித் தந்ததுதான். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது காட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வகத்துக்குப் போகும்.

இந்த முறை படக்காரனின் பேட்ஜ், வருஷம் முழுவதற்கும் அனுமதித்த அளவைப் போலப் பதினோரு மடங்கு காட்டிவிட்டது.

“இவ்வளவு வாங்கினவனுக்கு ரத்தத்துல வெள்ளையணு கொஞ்சமாவது குறையணுமா இல்லையா? உனக்கு ஒண்ணுமே ஆகல. டாக்டர் சிரிக்கிறார்யா! பேட்ஜை மெஷின்கிட்ட வச்சியா?”

“இல்ல.”

“அப்போ நீ சட்டையில குத்தியிருந்தியா?”

படக்காரன் கடிதத்தைத் தலைவர் பக்கமே திருப்பித் தள்ளினான்.

“பார்த்தியா! சம்பளத்தோட ஓய்வு வாங்கப் போட்ட திட்டம்னு ஆலையே பேசுது. நாளைக்கு நெஜமாவே ஒருத்தனுக்கு அளவு ஏறினா எவன் நம்புவான்?”

“கடிதத்துல என்ன எழுதியிருக்கு?”

“அஜாக்கிரதையா பேட்ஜைப் படமெடுக்கிற அறையில விட்டுட்டேன்னு. அந்த அளவைப் பதிவேட்டுல அழிச்சிடுவாங்க. உன்னையும் விட்டுடுவாங்க.”

“அழிக்கக் கூடாது. விசாரணை வைக்கச் சொல்லுங்க.”

“வச்சா நீ வீட்டுக்குப் போவே.”

“போறேன்.”

“பொண்டாட்டி பிள்ளைங்க?”

“அவ தெரிஞ்சுதான் அனுப்பியிருக்கா.”

தலைவர் மேஜையில் ஓங்கி அடித்தார். “என்ன திமிருய்யா உனக்கு! யாருக்காக இந்த வீம்பு?”

“ஆல்ஃபா கதிர் ஒரு தாளைத் தாண்டாது, பீட்டா ஒரு தகட்டைத் தாண்டாது, காமா சுவரையும் தாண்டும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?”

“ஆமா. அதுக்குத்தான் கதிர் அறைச் சுவருக்கு ஈயத் தகடு.”

“அலுவலகத்துப் பக்கம் அடிச்சிருக்காங்க. பின்பக்கம் இல்ல.”

“பின்பக்கம் யாரு இருக்கா? துடைப்பம் வைக்கிற அறைதானே?”

“துடைப்பம் தானா நடந்து போய் உள்ள உக்காந்துக்குமா தலைவரே?”

தலைவர் நிமிர்ந்தார்.

“பெருக்குற அக்கா அங்கதான் சாப்பிடுறாங்க, அங்கதான் தலை சாய்க்கிறாங்க. இப்போ நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. வந்த காய்ச்சல் போக மாட்டேங்குது. வயசாச்சுன்னு சொல்றார் ஒப்பந்தக்காரர். பேட்ஜ் இல்லாத உடம்புல என்ன பட்டுச்சுன்னு அவங்க எதை வச்சுக் காட்டுவாங்க? மூணு மாசமா என் பேட்ஜ் அவங்க அங்கிப் பையிலதான் இருந்துச்சு. விசாரணையில அவங்களே வந்து பேசுறேன்னிருக்காங்க. அந்த அளவை அழிச்சா அவங்களையே அழிச்ச மாதிரி.”

நாற்காலி கிரீச்சிட எழுந்தார் தலைவர்.

“அடப்பாவி! முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பேட்ஜுக்கு நானே வாசல்ல உக்காந்திருப்பேனே!”

“அவங்க முதல்ல உங்ககிட்டதான் வந்தாங்க தலைவரே. ஒப்பந்த ஆளுங்க சங்கத்துல உறுப்பினர் இல்லைன்னு, படியேறக்கூட விடாம அனுப்பிட்டீங்க.”